வெளிநாட்டு கஸ்டமர் முதல்ல, அம்பத்தூர் அப்புறம்: சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஏன் சீக்கிரமே கடல் தாண்டுது

சென்னையில உக்காந்துகிட்டு எதுக்கு ஆஸ்திரேலியா பிளம்பருக்கு சாஃப்ட்வேர் விக்கறீங்க, இங்கயே 140 கோடி பேர் இருக்காங்களேன்னு என்கிட்ட கேக்காத ஆள் கிடையாது. சொந்தக்காரங்க கேப்பாங்க, காலேஜ் ஜூனியர்ஸ் கேப்பாங்க, புதுசா கம்பெனி ஆரம்பிக்கற பசங்க ரொம்பவே கேப்பாங்க. கேக்கும்போதே மனசுல ஒரு பதிலையும் ரெடியா வச்சிருப்பாங்க, சிலிக்கான் வேலி, உலக லெவல் கனவு, டாலர் சம்பாத்தியம்னு. டாலர் சரிதான். கனவு எல்லாம் பேட்டி குடுக்கும்போது சேந்துக்கற விஷயம்னு நினைக்கிறேன். நான் உள்ள இருந்து பாத்த வரைக்கும், ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிய சீக்கிரமா வெளிநாட்டுக்குத் தள்ளற பெரிய காரணம் வசூல். காசு எங்க தகராறு இல்லாம கைக்கு வருதோ அங்க போயிடறாங்க, அவ்ளோதான்.

நான் வேலை பாத்தது பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனி, 2013ல சப்போர்ட்ல சேந்து அப்புறம் பில்லிங், அப்புறம் ஃபைனான்ஸ்னு நகந்து பல வருஷம் அங்கயே ஓடிடுச்சு. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக்குனு ஆள் வச்சு சர்வீஸ் நடத்தறவங்களுக்கான சாஃப்ட்வேர். யாரு எந்த வீட்டுக்கு எத்தன மணிக்குப் போகணும், வேலை முடிஞ்சதும் அங்கயே பில் போடறது, கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் அனுப்பறது, இந்த மாதிரி. நாங்க முதல்ல விக்க ட்ரை பண்ணதே இங்கதான். அம்பத்தூர், கிண்டி, கோயம்புத்தூர்னு ஏசி டீலருங்களப் போய்ப் பாத்து டெமோ காட்டுனோம். சேல்ஸ் பையன்கூட நானும் ஒரு தடவ அம்பத்தூருக்குப் போனேன். டீலர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாரு, டெமோ முழுசா பாத்தாரு, பாத்துட்டு சொன்னாரு:

"தம்பி, என்கிட்ட பதினஞ்சு பசங்க இருக்கானுங்க. காலைல வாட்ஸ்அப் குரூப்ல அட்ரஸ் போட்டா கெளம்பிடுவானுங்க. கெளம்பலன்னா போன் போட்டு நாலு திட்டு திட்டுவேன். உங்க சாஃப்ட்வேர் திட்டுமா?"

சேல்ஸ் பையன் நோட்டிஃபிகேஷன் வரும் சார்னு ஆரம்பிச்சான். அவரு சிரிச்சுட்டாரு. ஆனா அவரு கணக்கு தப்பே கிடையாது, அத அப்பவே ஒத்துக்கணும். ஆபீஸ்ல உக்காந்து போன் பண்ற பொண்ணுக்கு அவரு குடுக்கற சம்பளத்தப் பாத்தா எங்க சாஃப்ட்வேர் மிச்சப்படுத்திக் குடுக்கறது ஒண்ணுமே இல்ல. அதே சாஃப்ட்வேர ஆஸ்திரேலியாவுல ஒரு பிளம்பர் பாக்கறாருன்னு வைங்க, 2013 ஜூலையில அங்க சட்டப்படி குறைஞ்சபட்ச கூலியே மணிக்கு 16.37 ஆஸ்திரேலிய டாலர், எங்க பிளான் மாசம் 49 அமெரிக்க டாலர். அதாவது ஒரு ஆளோட மூணு மணி நேரக் கூலிக்குக் கொஞ்சம் மேல, மாசம் முழுக்க. அவரு யோசிக்கவே மாட்டாரு. ஆளோட நேரத்த மிச்சப்படுத்தற சாஃப்ட்வேர, ஆளோட நேரத்துக்கு விலை அதிகமா இருக்கற ஊர்லதான் விக்க முடியும், இத எங்க முதலாளி எந்த எம்பிஏ புக்லயும் படிச்சுத் தெரிஞ்சுக்கல, அம்பத்தூர்ல டீ குடிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டாரு. இந்தியாவுல சாஃப்ட்வேரே விக்காதுன்னு சொல்ல வரல, டாலி இங்க வித்து ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும், ஏன்னா கணக்கு எழுதாம, வரி ஃபைல் பண்ணாம இங்க யாரும் கடை நடத்த முடியாது. கட்டாயம் இருக்கற எடத்துல நம்ம ஆளு காசு குடுப்பாரு.

இப்ப வசூலுக்கு வரேன், ஏன்னா என் வேலையே அதுதான்.

மாசா மாசம் சப்ஸ்கிரிப்ஷன் வாங்கற தொழில் கார்டுலேர்ந்து தானா காசு எடுக்கறத நம்பித்தான் ஓடும். இங்க ரிசர்வ் பேங்க் 2009 ஆகஸ்ட்லேர்ந்து ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம்னு கொண்டுவந்துச்சு, பாஸ்வேர்டு இல்லன்னா ஓடிபி. கஸ்டமர் பாதுகாப்புக்கு அது நல்ல ரூல்தான், நான் குறை சொல்லல. ஆனா எங்கள மாதிரி ஆளுக்கு அதோட அர்த்தம் என்னன்னா, ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு கஸ்டமரும் அவங்களே வந்து உக்காந்து ஓடிபி போட்டு பணம் கட்டணும், யாரு கட்டுவா? மறந்துடுவாங்க, நாங்க போன் பண்ணணும், "நாளைக்குப் போடறேம்மா"ன்னுவாங்க. ஊபர் இந்தியாவுக்கு வந்தப்ப வெளிநாட்டு கேட்வே வழியா ஓடிபி இல்லாம கார்டுல எடுத்துகிட்டு இருந்தாங்க, 2014ல ரிசர்வ் பேங்க் அதுக்கும் கிடுக்கிப்பிடி போட்டு அவங்க பேடிஎம் வாலட்டுக்கு மாற வேண்டியதாச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா நாங்க எல்லாம் எந்த மூலைக்கு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, சப்ஸ்கிரிப்ஷன் பில்லிங்குக்கே சாஃப்ட்வேர் செய்யற சார்ஜ்பீ 2011ல ஆரம்பிச்சது இதே சென்னையிலதான். கார்டுல மாசாமாசம் தானா காசு எடுக்க முடியாத ஊர்ல இருந்துகிட்டு அந்த வேலைக்கே ஒரு ப்ராடக்ட் செஞ்சா, முதல் நாள்லேர்ந்தே வெளிநாட்டுக்குத்தான் வித்தாகணும், வேற வழி எங்க இருக்கு?

இன்னொரு பக்கம் இன்வாய்ஸ் போட்டு செக் வாங்கற வழி. அதுல ரெண்டு இடி. ஒண்ணு டிடிஎஸ், எங்க வருமான வரின்னு பத்து பர்சன்ட் முன்னாடியே புடிச்சுட்டு மிச்சம் குடுப்பாங்க (டெக்னிக்கல் சர்வீஸுக்கு 2020லேர்ந்து ரெண்டு பர்சன்ட், ஆனா எது எந்த வகையில வரும்னு ஒவ்வொரு ஆடிட்டருக்கும் ஒரு அபிப்பிராயம்), புடிச்சத கவர்மெண்டுக்குக் கட்டினாங்களான்னு வரித்துறை ஸ்டேட்மென்ட்ல தேடணும், கட்டலன்னா அவங்க பின்னாடி நாங்க அலையணும். ரெண்டாவது ஜிஎஸ்டி. ஒரு லட்சத்துக்கு பில் போட்டா 18,000 ரூபா அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள நாங்க கட்டியாகணும், கஸ்டமர் எங்களுக்குக் காசு குடுத்தாரா இல்லையான்னு யாரும் கேக்கமாட்டாங்க. கஸ்டமர் தொண்ணூறு நாள் கழிச்சு குடுப்பாரு. பெரிய கம்பெனி தாங்கிக்கும், கையில ரெண்டு மாச சம்பளம் மட்டும் வச்சுகிட்டு ஓடற கம்பெனி கஸ்டமர் வரியையும் தானே முன்பணமா போட்டு தாங்க முடியுமா? மார்ச் மாசக் கடைசியில சேல்ஸ் டீம் டார்கெட்டுக்காக பில்லா போட்டுத் தள்ளுவாங்க, ஏப்ரல் 18, 19 தேதியில நான் பேங்க் பேலன்ஸப் பாத்துகிட்டு உக்காந்திருப்பேன்.

வெளிநாட்டு கஸ்டமர்னா இந்தத் தலைவலி எதுவும் இல்ல. சர்வீஸ் எக்ஸ்போர்ட்டுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம், எல்யூடின்னு ஒரு உறுதிமொழிய ஒவ்வொரு நிதியாண்டும் போர்ட்டல்ல புதுசா ஃபைல் பண்ணிட்டா வரி கட்டாமலே பில் போடலாம். டிடிஎஸ் புடிக்கற பழக்கம் எங்க சைஸ் கஸ்டமர்கிட்ட கிடையாது. கார்டு நம்பர ஒரு தடவ போடுவாரு, ஒவ்வொரு மாசமும் தானா வரும், எக்ஸ்பயரி ஆனாதான் மெயில் போடணும். என்ன, காசு இங்க வந்து சேர்றதுலதான் கொஞ்சம் சுத்து. ஆரம்பத்துல பேப்பால்தான், ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்கு ரிசர்வ் பேங்க் வச்ச உச்சவரம்பு 3,000 டாலர், 2013 ஜூன்ல 10,000 ஆக்குனாங்க, எங்க பில் சைஸுக்கு அது பத்தி கவலையே இல்ல. பேங்க்லேர்ந்து வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கான சான்று, நாங்க ஃபர்க்னு சொல்லுவோம், அத மட்டும் மாசா மாசம் வாங்கி ஃபைல் பண்ணிடுங்க. பின்னாடி ரீஃபண்டுக்கோ ஆடிட்டுக்கோ கேக்கும்போது மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த பணத்துக்கு பேங்க்ல போய் நின்னா, பிராஞ்சுல இருக்கறவங்களுக்கே அது என்ன பேப்பர்னு தெரியாது.

சரி, கஸ்டமர் எப்படி வந்தாங்க? இதுதான் நிறைய பேருக்குப் புரியாத எடம். நாங்க ஆஸ்திரேலியாவுக்குப் போகவே இல்ல, அவங்கதான் வந்தாங்க. கூகுள்ல தேடினாங்க, எங்க சைட் வந்துச்சு, ஃப்ரீ ட்ரையல் போட்டாங்க, பிடிச்சிருந்துச்சு, கார்டு போட்டாங்க. யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேர் செய்யற ஃப்ரெஷ்டெஸ்க் கதையும் இப்படித்தான், 2010ல சென்னையில கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஆரம்பிச்ச கம்பெனிக்கு முதல் கஸ்டமர் ஆஸ்திரேலியாவுல இருக்கற ஆட்வெல் காலேஜ். ஊர்ல நாலு தெரு தள்ளி இருக்கற ஆபீஸ் இல்ல. அவங்க போட்டியா நினைச்ச ஜென்டெஸ்க் எங்க பொறந்துச்சுன்னு பாத்தீங்கன்னா டென்மார்க்ல, கோபன்ஹேகன்ல, 2007ல. ரெண்டே வருஷத்துல அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிட்டாங்க. டென்மார்க்காரன் போனா மார்க்கெட் சின்னதுன்னு சொல்றோம், நாம போனா டாலர் ஆசைன்னு சொல்றோம்.

இன்னும் பழைய உதாரணம் வேணும்னா ஜோஹோ. 1996ல அட்வென்ட்நெட்டுனு ஆரம்பிச்சப்ப அவங்க செஞ்சது நெட்வொர்க் கருவி தயாரிக்கற கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர். அந்த மாதிரி கருவி தயாரிக்கறவங்க அப்ப பெரும்பாலும் அமெரிக்கா, ஜப்பான் மாதிரி வெளிநாடுகள்லதான் இருந்தாங்க. வாங்கற ஆளே இங்க இல்லாதப்ப இங்க விக்கறது எப்படி.

சர்வர் விஷயம் இன்னும் சிரிப்பா இருக்கும். அமேசானோட மும்பை டேட்டா சென்டர் வந்தது 2016 ஜூன்லதான். அதுக்கு முன்னாடி எங்க ஆப் ஓடுனது அமெரிக்காவுல வர்ஜீனியாவுல. அதனால எங்க ஆப் நியூயார்க்குல சட்டுனு தொறக்கும், பெருங்குடியில எங்க ஆபீஸ்லேர்ந்தே தொறந்தா இழுத்துகிட்டு நிக்கும். அம்பத்தூர்ல டெமோ குடுக்கும்போது டாங்கிள் நெட்ல பேஜ் லோடாகறதுக்குள்ள டீ ஆறிடும். நாங்க எந்த நாட்டுக்கு ப்ராடக்ட் செய்யறோம்னு நாங்க முடிவு பண்றதுக்கு முன்னாடியே சர்வர் முடிவு பண்ணிடுச்சு.

டாலர் கணக்கையும் சொல்லிடறேன். 2013 ஆகஸ்ட் கடைசியில டாலர் 68 ரூபா தாண்டுச்சு, பேப்பர்ல எல்லாம் நாடே முழுகிடுச்சுங்கற மாதிரி எழுதுனாங்க, எங்க ஆபீஸ்ல அந்த மாசம் பிரியாணி. வருமானம் டாலர், சம்பளம் ரூபா. ஆனா சர்வர் பில்லும் கூகுள் விளம்பரமும் டாலர் கணக்குல ஓடும்போது அந்த லாபத்துல பாதி அங்கயே போயிடும், இத நிறைய பேர் கணக்குல சேக்கறதில்ல. ரூபாயில சம்பாதிச்சு டாலர்ல சர்வர் பில் கட்டற கம்பெனி நிலைமைய யோசிச்சுப் பாருங்க, டாலர் ஏற ஏற அவங்களுக்கு அடி. இதுவும் ஒரு தள்ளு, வெளியில தெரியாது.

வேற நாட்டுல வேற மாதிரி காரணம் இருக்கும். எஸ்டோனியா மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம்தான், நம்ம சென்னை மாநகராட்சியில பாதி கூட கிடையாது, அதனால ஸ்கைப் மாதிரி ஒண்ண அங்க செய்யறவங்க முதல் நாளே வெளிய பாத்துதான் செய்வாங்க. அமெரிக்கக் கம்பெனிக்கு உள்ளூர்லயே பெரிய மார்க்கெட், அவங்கள சீக்கிரம் வெளிய தள்ளறது காப்பி அடிக்கறவங்க மேல இருக்கற பயம். 2011ல ஜெர்மனியில சம்வர் சகோதரர்கள் ஏர்பிஎன்பிய அப்படியே காப்பி அடிச்சு விம்டுன்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் ஏர்பிஎன்பி அவசர அவசரமா ஜெர்மனியில ஒரு கம்பெனிய வாங்கி ஹாம்பர்க்ல ஆபீஸ் போட்டுச்சு. வீடு வாடகை, டாக்ஸி மாதிரி ஊருக்கு ஊர் ஆள் சேக்கற தொழில்ல முன்னாடி போறவன் இடத்தப் புடிச்சுடுவான். எங்க மாதிரி தொழில்ல அந்த அவசரம் கிடையாது, ஆனா இன்வெஸ்டர் மீட்டிங்ல எல்லாரும் அந்தக் கதையத்தான் சொல்லி அவசரப்படுத்துவாங்க. உங்க தொழில் எந்த ரகம்னு முதல்ல பாத்துக்கோங்க.

இன்வெஸ்டர்னு சொன்னதும் டெலவேர் ஞாபகம் வருது, அமெரிக்காவுல நிறைய கம்பெனி பதிவு பண்ற ஒரு மாநிலம். பணம் போடறவங்க அமெரிக்கக் கம்பெனியா இருந்தா போடறோம்னு சொல்லுவாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச சட்டம், தெரிஞ்ச பேப்பர். 2016லேர்ந்து ஸ்ட்ரைப் அட்லஸ்னு வந்து 500 டாலர்ல வீட்டுலேர்ந்தே டெலவேர் கம்பெனி தொறக்கலாம்னு ஆயிடுச்சு. தொறக்கறது சுலபம், நடத்தறதுதான் செலவு. நாங்களும் போட்டோம். முதல் வருஷம் முடிஞ்சு டெலவேர்லேர்ந்து ஃப்ரான்சைஸ் டேக்ஸ், அதாவது அங்க கம்பெனி பதிவு வச்சிருக்கறதுக்கான வருஷ வரி, நோட்டீஸ் வந்துச்சு, மார்ச் 1க்குள்ள கட்டணும், தொகை 85,165 டாலர். முதலாளி மெயில எனக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு ஒரு வார்த்தை எழுதல, நேரா என் சீட்டுக்கே வந்து நின்னாரு. எங்க மொத்த பேங்க் பேலன்ஸ்ல பெரும்பகுதி அது. விஷயம் என்னன்னா, ஒரு கோடி ஷேர் வரைக்கும் வெளியிடலாம்னு பேப்பர்ல எழுதி கம்பெனி தொறந்தா, அந்த ஷேர் எண்ணிக்கைய வச்சு அவங்க சிஸ்டம் தானா போடற கணக்கு அது, சாதாரணமா எல்லா ஸ்டார்ட்அப்பும் ஒரு கோடின்னுதான் போடும். அதே ஃபார்ம்ல இன்னொரு முறை இருக்கு, கம்பெனியோட மொத்த சொத்து மதிப்ப வச்சு போடறது, அதுல போட்டா சின்ன கம்பெனிக்கு 400 டாலர் வரி, 50 டாலர் ஃபைலிங் ஃபீஸ், முடிஞ்சுச்சு. சிஏ இத ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாரு, ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி இருந்த ராத்திரிய முதலாளி இன்னும் சொல்லுவாரு. இத விட நிஜமா கவனிக்க வேண்டியது 5472ங்கற ஃபார்ம், வெளிநாட்டுக்காரங்க ஓனரா இருக்கற அமெரிக்கக் கம்பெனி அத விட்டுட்டா அபராதம் 25,000 டாலர்லேர்ந்து ஆரம்பிக்குது, அதுக்கு இன்னொரு கணக்கு முறையெல்லாம் கிடையாது.

அப்புறம் அமெரிக்கக் கம்பெனிக்கும் சென்னை கம்பெனிக்கும் நடுவுல என்ன விலைக்குக் குடுக்கல் வாங்கல்னு காட்டற ட்ரான்ஸ்ஃபர் ப்ரைசிங், அதுக்கு வருஷா வருஷம் ஒரு ஆடிட்டர் ரிப்போர்ட். இங்கயே விக்கற ஐடியா, இங்கயே பின்னாடி லிஸ்ட் பண்ற ஐடியா இருந்தா வெளிநாட்டுல தலைமைக் கம்பெனி வைக்கறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிங்க, போறது சல்லிசு, திரும்பறது ஆனை விலை. ஃபோன்பே 2022ல சிங்கப்பூர்லேர்ந்து இந்தியாவுக்கு மாறினப்ப அதோட முதலீட்டாளர்கள் கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபா வரி கட்டுனாங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் (முன்ன சொன்ன ஃப்ரெஷ்டெஸ்க்தான், பேர் மாறிடுச்சு) மாதிரி 2021 செப்டம்பர்ல நாஸ்டாக் வரைக்கும் போறவங்களுக்கு அமெரிக்கக் கம்பெனி பொருந்தும். நீங்க எந்தப் பக்கம்னு உங்க கஸ்டமர் லிஸ்ட்டப் பாத்தா தெரிஞ்சுடும்.

சீக்கிரம் வெளிநாடு போனதுக்கான உண்மையான பில்லு வேற எடத்துல வந்துச்சு, தூக்கத்துல. ஆஸ்திரேலியா கிட்டத்துல இருக்கு, பகல்லயே சப்போர்ட் குடுக்கலாம்னு நினைப்போம். பிளம்பர் வேலைக்குக் கெளம்பறது காலைல 7 மணி. சிட்னியில 7 மணின்னா நமக்கு ராத்திரி ரெண்டரை, அங்க கோடை டைம்னா ஒண்ணரை. வேலைக்குக் கெளம்பற நேரத்துல ஆப் தொறக்கலன்னா அந்த ஆளு மெயில் போட்டுட்டு காத்திருக்க மாட்டாரு, போன்தான் பண்ணுவாரு. நாங்க வாங்கி வச்சிருந்த, 1300னு ஆரம்பிக்கற ஆஸ்திரேலியா போன் நம்பர் பெருங்குடியில என் ஹெட்செட்டுல அடிக்கும். சாயங்காலம் ஆறரைக்கு நியூயார்க் முழிச்சுக்கும். ரெண்டு நாட்டையும் அஞ்சு பேர் டீமா தாங்கப் பாத்தோம், நல்ல பசங்க ரெண்டு பேர் உடம்பு கெட்டு வேலைய விட்டுட்டுப் போனதுதான் மிச்சம். ஒரே நேரத்துல எதிரெதிர் டைம் ஜோன்ல ரெண்டு மார்க்கெட் எடுக்காதீங்க. ஒண்ணப் புடிச்சு, அதுக்கு மட்டும் ஒழுங்கா ஷிப்ட் போட்டு, காசு நிலைச்ச அப்புறம் அடுத்தத தொடுங்க.

டைம்னு சொன்னதால இதையும் சொல்லணும், தூரத்துல உக்காந்து செய்யறதுல எது தெரியாம போகும்னு எனக்கு உறைக்க வச்சது இதுதான். ட்வீட் ஹெட்ஸ்னு நியூ சவுத் வேல்ஸ் எல்லையில ஒரு ஊர், தெருவத் தாண்டினா கூலங்கட்டா, அது குயின்ஸ்லாந்து. நியூ சவுத் வேல்ஸ்ல கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி வைப்பாங்க, குயின்ஸ்லாந்துல வைக்க மாட்டாங்க. அதாவது அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தெருவுக்கு இந்தப் பக்கம் பத்து மணின்னா அந்தப் பக்கம் ஒம்பது. எங்க ஆப்ல டைம் ஜோன் அக்கவுன்ட்டுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. கூலங்கட்டா வீட்டம்மா பத்து மணிக்கு வாங்கன்னு சொல்லுவாங்க, ட்வீட் ஹெட்ஸ் ஆபீஸ்ல பத்துன்னு டைப் பண்ணுவாங்க, பிளம்பர் போய் நிக்கும்போது அந்த வீட்டுல மணி ஒம்பது, கதவு பூட்டியிருக்கும். கோடை ஆரம்பிச்ச முதல் திங்கக்கிழமை அந்த ஏரியா கஸ்டமர் ஒருத்தர் போன்ல என்கிட்ட கத்துன கத்து இருக்கே. எங்க டெவலப்பர் பையனுக்கு இத புரிய வைக்கவே ஒரு சாயங்காலம் ஆச்சு, அவன் பொறந்ததுலேர்ந்து பாத்தது ஒரே டைம், கன்னியாகுமரியும் காஷ்மீரும் ஒண்ணு. கடைசியில வேலை நடக்கற அட்ரஸ வச்சு டைம் எடுக்கற மாதிரி மாத்துனோம். மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு விக்டோரியா மாநிலத்துக்கு மட்டும் லீவுங்கறதெல்லாம் அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வந்து சேந்துச்சு. அந்த ஊர்க்காரர் ஒருத்தர பார்ட் டைமா வச்சு, ரிலீஸுக்கு முன்னாடி மாசம் ஒரு தடவ ஆப்ப ஓட்டிப் பாக்கச் சொன்னா போதும், ஆபீஸ் எல்லாம் தேவையே இல்ல. எங்களுக்கு அப்படிக் கெடச்சவரு ரிட்டயர் ஆன எலக்ட்ரீஷியன். அவரு சொன்ன பக் எல்லாம் எங்க டெஸ்டிங் டீம் கனவுலயும் கண்டுபுடிக்காதது.

வரி பத்தி சுருக்கமா. கார்டுல காசு வருதுன்னு சந்தோஷமா இருப்போம், அந்தந்த நாடு பின்னாடியே வரும். ஆஸ்திரேலியா 2017 ஜூலை 1லேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வர்ற டிஜிட்டல் சர்வீஸுக்கும் பத்து பர்சன்ட் ஜிஎஸ்டி கேக்குது, அங்க வருஷ வியாபாரம் 75,000 ஆஸ்திரேலிய டாலர் தாண்டினா. ஆனா கஸ்டமர் அங்க ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ண பிசினஸ்னு ஏபிஎன்ங்கற அந்த ஊர் பிசினஸ் நம்பரோட சொல்லிட்டா அவங்ககிட்ட வாங்க வேண்டியதில்ல. தனியாளா வேலை செய்யற பிளம்பர் நிறைய பேருக்கு ஏபிஎன் இருக்கும், ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இருக்காது, அங்கதான் மாட்டிக்குவோம். அதனால சைன்அப் ஃபார்ம்லயே ரெண்டையும் தனித்தனியா கேளுங்க, பின்னாடி ஆயிரம் பேருக்கு மெயில் போட்டுக் கேக்கறது நரகம். அமெரிக்காவுல 2018 ஜூன்ல வேஃபேர்ங்கற ஆன்லைன் கடை மேல சவுத் டகோட்டா மாநிலம் போட்ட வழக்குல தீர்ப்பு வந்து, ஒரு மாநிலத்துல ஆபீஸே இல்லன்னாலும் சேல்ஸ் டேக்ஸ் கேக்கலாம்னு ஆயிடுச்சு. சவுத் டகோட்டா வச்ச அளவு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் அல்லது 200 ட்ரான்சாக்‌ஷன். மாசா மாசம் பில் போடற கம்பெனிக்கு 17 கஸ்டமர் இருந்தாலே 204 ஆயிடும்! அந்த 200 கணக்க அவங்க 2023ல எடுத்துட்டாங்க, ஆனா வேற மாநிலங்கள்ல ரூல் வேற, கலிஃபோர்னியாவுல எங்க மாதிரி சாஃப்ட்வேருக்கு வரி இல்ல, நியூயார்க்ல இருக்கு. ஐரோப்பாவுல 2018 மே 25லேர்ந்து ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்புச் சட்டம். இங்கிலாந்துல கஸ்டமர் வந்தா டேட்டா எங்க இருக்கு, யாரு பாக்கறாங்கன்னு பத்து பக்கம் கேள்வி வரும், அதுக்கு பதில் எழுதவே ஒரு ஆள் வேணும்.

2023 மார்ச்ல அமெரிக்காவுல ஸ்டார்ட்அப்புங்க காசு வச்சிருந்த பெரிய பேங்க் ஒண்ணு வெள்ளிக்கிழமை மூழ்கினப்ப எங்க ஃபண்டும் அதுலதான் இருந்துச்சு. 2,50,000 டாலர் வரைக்கும்தான் இன்சூரன்ஸ். ஞாயித்துக்கிழமை அமெரிக்க அரசாங்கம் எல்லார் பணமும் பத்திரம்னு சொல்ற வரைக்கும் அந்த மாசச் சம்பளத்துக்கு என்ன வழின்னு நானும் முதலாளியும் வாட்ஸ்அப்ல கணக்கு போட்டுகிட்டே இருந்தோம். அதுக்கப்புறம் மூணு மாசச் சம்பளம் இந்திய பேங்க்லயே இருக்கணும்னு ரூல் ஆச்சு.

இப்ப ஆரம்பிக்கறவங்களுக்கு நிலைமை எங்க காலம் மாதிரி இல்ல. யூபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில வந்துச்சு, கார்டு ஆட்டோ டெபிட்டுக்கு 2021 அக்டோபர்ல புது ரூல் வந்து முதல் சில வாரம் எல்லாருக்கும் பேமென்ட் ஃபெயிலாகி அல்லோலகல்லோலம், அப்புறம் ஓடிபி இல்லாம எடுக்கற வரம்ப 2022 ஜூன்ல 5,000லேர்ந்து 15,000 ஆக்குனாங்க. மும்பையில சர்வர் இருக்கு. அதனால சின்னத் தொகை சப்ஸ்கிரிப்ஷன இன்னிக்கு இங்கயே தாராளமா விக்கலாம், நாங்க ஓடுன அதே காரணத்துக்காக நீங்களும் ஓடணும்னு கிடையாது. மாறாதது ஜிஎஸ்டி முன்பணமும் டிடிஎஸ்ஸும். அதுக்கு எங்களுக்கு வேலை செஞ்ச வழி: இந்திய கஸ்டமருக்கு ரூபா விலைய டாலர்லேர்ந்து கன்வெர்ட் பண்ணாம தனியா ஒரு விலை போட்டோம், வருஷத்துக்கு மொத்தமா, முன்கூட்டியே, முதல்ல ப்ரொஃபார்மா (வரிக் கணக்குல வராத முன்னோட்ட பில்) மட்டும் அனுப்பி காசு வந்த அப்புறம்தான் டேக்ஸ் இன்வாய்ஸ். சேல்ஸ் டீம் ரெண்டு மாசம் முணுமுணுத்தாங்க. இன்வாய்ஸ் இல்லாம எங்க அக்கவுன்ட்ஸ்ல பணம் ரிலீஸ் பண்ண மாட்டாங்கன்னு சொன்ன பெரிய கஸ்டமர்ல பாதிப் பேர், ப்ரொஃபார்மாவ வச்சே ரிலீஸ் பண்ணாங்க. மீதிப் பேர விட்டுட்டோம்.